போர்வைக்கு அடியில்

சன்னலோரக் கட்டிலில் அப்பா, அவர் கால்மாட்டில் அம்மா, வீட்டின் ஒரே நாற்காலியில் கணக்கெடுக்க வந்தவர், கதவருகே தரையில் நான். கட்டிலுக்கு அடியில், போர்வை மூடிய ஆக்சிஜன் மெஷின் ஓடாமல் இருக்கிறது. தையல் மெஷினை விற்று வாங்கியது. அது சொத்துக் கணக்கில் சேர்ந்தால் அப்பாவுக்கு அரசு தரும் மருந்து உதவி நின்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். “எந்த நாட்டுக் குடும்பத்துக்கு எவ்வளவு சொத்துன்னு ஒப்பிடறாங்கம்மா. எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்விதான்,” என்கிறார் வந்தவர். “நாங்க எத்தனாவது வருவோம் சார்?” என்று சிரிக்கப் பார்க்கும் அப்பாவுக்கு இருமல்தான் வருகிறது. “கரண்ட்ல ஓடறது?” “ஃபேன் ஒண்ணுதாங்க,” என்கிறாள் அம்மா. அப்பாவின் கன்னத்தில் குழாய் அழுத்திய தடம் சிவந்து கிடக்கிறது. வந்தவர் அதைப் பார்க்கிறார். பிறகு குனிந்து, ‘ஒன்று’ என்று எழுதுகிறார். தாளை மடித்து உறையிலிட்டு அவசரமாக ஒட்டுகிறார். ஒட்டிய இடத்தின் மேல் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடுவது விதி. பேனா பிடித்த அப்பாவின் உதடு நீலமாகிறது. எழுத்து பாதியில் நழுவுகிறது. “போதும்யா, போதும்!” உறையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் வாசலுக்கு ஓடுகிறார். பாதிக் கையெழுத்தோடு அது வெளியே நிற்கும் தபால் வண்டிக்குள் விழும்போது, அம்மா மெஷின் மேலிருந்த போர்வையை இழுக்கிறாள்.