சத்தியக்கல்

பன்றி ரத்தம் தெளித்த சத்தியக்கல்லின் மேல் கும்பில் கையை வைத்தார். "இந்த ஓடையிலேர்ந்து ஒரு தவளையைக்கூட நான் எடுத்ததில்ல. பொய்னா என் வம்சமே அத்துப் போகட்டும்."

ஊருக்கு மூச்சு வந்தது. ஓடையில் எதையும் பிடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதற்குக் காவலே கும்பில்தான். காவல்காரரே கை வைத்தால் அப்புறம் என்ன மரியாதை?

ரிண்டிங் மட்டும் அடங்கவில்லை. "போன வருசம், அணை கட்டப் போறாங்கன்னு சேதி வந்த மறுநாள் மலையேறுனீங்களே அண்ணே, முதுகுக் கூடை நிறைய ஈரப் பாசியோட? தவளையைச் சந்தையில வித்தீங்களா?"

"சந்தை கீழ இருக்கு. விக்கிறவன் மேலயா ஏறுவான், கூறுகெட்டவளே?"

எல்லாரும் சிரித்தார்கள். கோத்தா கினபாலு நகரத்திலிருந்து வந்த தவளை ஆய்வாளர் பெலிசியா மட்டும் சிரிக்கவில்லை. யாராவது தவளை எடுத்தீர்களா என்று காலையில் பேச்சைக் கிளப்பியதே அவர்தான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

ஊருக்கு அவர் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே ஒரு பதில். இந்தத் தவளை இங்கே மட்டும்தான் உண்டு என்றால் அணை வேலை நின்றுபோகும். இல்லையென்றால் வீடு, நெல்வயல், கல்லறை எல்லாம் தண்ணீருக்குள்.

"இது தனி இனம்தான். விரல் சவ்வு வேற, கூப்பிடுற குரலும் வேற," என்றார் பெலிசியா. அடேயப்பா, என்ன ஆரவாரம்! அரிசிக் கள் ஜாடியைத் திறந்தே விட்டார்கள்.

"பொறுங்க. மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையிலயும் இதே தவளையைப் பார்த்தேன். யாராவது கொண்டுபோய் விட்டிருப்பாங்களோன்னுதான் கேட்டேன். காரணத்தை முதல்லயே சொன்னா பதில் வளைஞ்சிடும். இப்ப இவர் சத்தியமே பண்ணிட்டாரு. அப்போ அது அங்கயும் தானா வாழுதுன்னுதான் அர்த்தம். அணையை நிறுத்த இனி வழியில்ல."

கும்பில் பெலிசியாவிடம் ஓடினார். "அம்மா, நான்தான் கொண்டுபோய் விட்டேன்! ஓடை மூழ்கினா தவளையும் போயிடுமே, விதைக்காவது கொஞ்சம் அங்க இருக்கட்டும்னு... கட்டுப்பாட்டை மீறுனது தெரிஞ்சா மானம் போகுமேன்னு பொய் சொல்லிட்டேன்!"

கல்லில் கை வைத்துப் பொய் சொல்கிறவன் அந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை.

ரிண்டிங்தான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பாவம், ஊரைக் காப்பாத்த இப்பப் பொய் சொல்றாரு."