தப்பாத கணிப்பு

"நாளைக்கு ஃபைனல்ல யாருண்ணே ஜெயிப்பான்?"

"பிரதீஸ்தான். பயல் ஒரு வாரமா கொலைவெறியில இருக்கான்" என்றார் கேம்ப் கிளார்க் மணிமாறன். அபுதாபி ருவைஸின் தொழிலாளர் கேம்ப் மல்யுத்தத்தில் மூன்று வருடமாக அவர் கணிப்பு தப்பியதில்லை.

சொன்னபடியே மறுநாள் யாழ்ப்பாணத்து வெல்டர் பிரதீஸ், எடுத்த எடுப்பில் எதிராளி மாயாண்டியின் மூக்கை உடைத்தான். கழுத்தை இறுக்கி, முகத்தை மண்ணில் தேய்த்தான்.

திடீரென்று பிடியை விட்டான். ரத்தம் வழியப் பாய்ந்த மாயாண்டியிடம் தன் வலது கையை நீட்டினான். மாயாண்டி முறுக்கிய முறுக்கில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

மணிமாறன் ஓடினார். "ஜெயிச்ச ஆட்டம்டா! ஏன்டா கையைக் கொடுத்தே?"

பிரதீஸ் பல்லைக் கடித்தபடி சிரித்தான்.

"ஊரில மனுசிக்கு ஒப்பரேஷன் எண்டு லீவு கேட்டன். கடிதத்தைக் கிழிச்சுப் போட்டியள். கை உடைஞ்ச வெல்டரை வைச்சு என்ன செய்யப் போறியள், அண்ணை? ஊருக்கு டிக்கெட்டைப் போடுங்கோ."