கல் கிட்டங்கியில் ஐந்து பேர்

"தங்கம், இன்னுமா கெளம்பல? மதுரை பஸ்ஸு இந்நேரம் கள்ளிக்குடி தாண்டியிருக்கும். அஞ்சு பேரும் வந்து எறங்கிறப் போறாக!"

ஜெயச்சந்திரனுக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. இரண்டு தடவை சட்டையை மாற்றிவிட்டார்.

விருதுநகரில் ரயில் பாதையை ஒட்டி அவருக்கு ஒரு கல் கட்டடம் இருந்தது. நாற்பத்தொன்பதில் ஏலத்தில் எடுத்து, எட்டு வருஷமாக மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கியாக வைத்திருந்தார். யுத்த காலத்தில் மிலிட்டரிக்காரர்கள் வைத்திருந்த இடம் என்று மட்டும் தெரியும். அங்கே கைதிகளை அடைத்திருந்தார்கள் என்பது போன வாரம் வந்த கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் பிடிபட்ட ஐந்து பேர், தாங்கள் ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்த இடத்தை ஒரு தரம் பார்க்க அனுமதி கேட்டிருந்தார்கள்.

அனுமதியாவது! சிவகாசி மச்சானிடம் சொல்லி மூன்று பெட்டி சரவெடி வரவழைத்துவிட்டார் ஜெயச்சந்திரன். மூட்டைகளை எல்லாம் வெளியேற்றி, தரையைக் கழுவி, மாலையும் வாங்கி வைத்தாயிற்று. மனைவிதான் பிடி கொடுக்கவில்லை.

"நான் வரலைங்க. எனக்குத்தான் வத்தல் நெடி ஆகாதுல்ல," என்றாள் பொன்னுத்தங்கம்.

"நெடியா? மூணு தரம் தண்ணி விட்டுக் கழுவியாச்சு. இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் அந்த வாசப்படி ஏறியிருக்கியா? இன்னைக்காவது வா. எம்புட்டுப் பெரிய மனுசங்க வாராக!"

"சோத்த அங்கனயே கொண்டாரச் சொல்லுதேன். நீங்க போங்க." சற்றுப் பொறுத்துக் கேட்டாள். "அஞ்சே பேருதான் வாராகளா?"

"சோத்துக்காகக் கேக்கியா? பத்துப் பேருக்கே வடிச்சிரு!"

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. யுத்தம் முடிந்த பிறகுதான் அவளைக் கட்டினார்; அவள் குடும்பம் பர்மாவில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த குடும்பம். சண்டை என்று பேச்செடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

பஸ் வந்தது. சரவெடி தெருவையே அதிர வைத்தது. மாலையும் கழுத்துமாக நின்ற ஐவரில் மூத்தவரான சோலைமலை வாய்விட்டுச் சிரித்தார்.

"வேட்டுச் சத்தத்தக் கேட்டதும் குப்புறப் படுக்கத் தோணுது மொதலாளி!"

கிட்டங்கிக்குள் நுழைந்ததுதான் தாமதம், ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள். சங்கரலிங்கம் என்பவர் சன்னலோரம் ஓடினார்.

"ஏலே, இங்கனதாம்லே நான் படுத்துக் கெடந்தேன்!"

"போலே, அது என் எடம்! நீ கதவுப் பக்கம்லா கெடந்த!" என்று இன்னொருவர் அவரைத் தள்ளினார்.

ஜெயச்சந்திரனுக்குப் புல்லரித்தது. தினமும் தான் வந்து போகிற இடத்திலா இத்தனை நடந்திருக்கிறது?

சோலைமலை மட்டும் உள்ளே தள்ளியிருந்த சின்ன அறையின் முன்னால் போய் நின்றார். அதன் கதவு நிலையைக் கையால் தடவினார்.

"மொதலாளி, வந்தப்ப நாங்க முப்பது பேரு. பாதிப் பேருக்குக் காச்சல். எங்க ஆபீசர் மொத வாரமே கண்ண மூடிட்டாரு. அதுக்கப்புறம் எங்களக் கட்டிக் காப்பாத்துனது, அவருக்கு அடுத்த பொறுப்புல இருந்த எங்க சுபேதார்தான். ராத்திரியானா அவுகள மட்டும் இந்த ரூம்புல தனியாப் பூட்டி வைப்பாக."

"அம்புட்டுப் பயமாக்கும் வெள்ளைக்காரனுக்கு?"

"பயம் இல்லாமலா? காவக்காரன் எங்கள அடிக்க வந்தா குறுக்க வந்து நிப்பாக. அவுகளுக்குக் குடுக்கிற தண்ணி காச்சக்காரனுக்குத்தான் போவும். மருந்து குடுத்தாத்தான் சாப்பிடுவேன்னு நாலு நாளு பட்டினி கெடந்து, டாக்டர வரவழைச்சாக. இல்லைன்னா இந்தச் சங்கரலிங்கம் இன்னைக்கு ஏது?"

சங்கரலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயச்சந்திரனின் கண் முன்னே ஆறடி உயரத்தில், முறுக்கு மீசையோடு ஒரு வீரர் வந்து நின்றார். "இப்ப எங்கன இருக்காக?"

"அதுதான் தெரியல. ஒரு நாளு ஜீப்புல ஏத்திக் கொண்டு போனாக. ஊரு ஒறவு எதையும் எங்ககிட்டச் சொன்னதில்ல. பன்னெண்டு வருசமாத் தேடுதோம். மலேயா வரைக்கும் எழுதிப் பாத்தாச்சு. இந்த ஊருல யாருக்காச்சும் தெரியுமான்னு கேக்கத்தான் முக்கியமா வந்தோம்."

"கவலைய விடுங்க!" ஜெயச்சந்திரன் துள்ளினார். "கண்டுபிடிச்சிருவோம். நாளைக்கே சிவகாசியில நோட்டீஸ் அச்சடிச்சு ஊரு ஊரா ஒட்டுதேன். பேப்பர்லயும் போடுதேன். அவுக பேரச் சொல்லுங்க!"

சோலைமலை வாய் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து ஓர் அதட்டல் கிளம்பியது.

"சாவ்தான்!"

பட்டாளத்தில் விறைத்து நிற்கச் சொல்லும் உத்தரவு. பத்துக் குதிகால்களும் ஒரே சமயத்தில் ஒட்டிக்கொண்டன. ஐந்து பேரும் ஆணி அடித்தாற்போல் நின்றார்கள்.

ஜெயச்சந்திரன் திடுக்கிட்டுத் திரும்பினார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தாள் பொன்னுத்தங்கம். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முதுகு மட்டும் கொஞ்சமும் வளையவில்லை.

சோலைமலையின் வலது கை நெற்றிக்கு உயர்ந்தது.

"அஞ்சு பேரும் ஆஜர், சுபேதாரம்மா!"