சட்டைப்பையில் இருவர்

நுரையீரல் ஸ்கேனுக்காகக் கழற்றிய தணிகாசலத்தின் சட்டை ஆணியில் தொங்கியது. "என்ன சேதி வருமோ?" என்று பைக்குள் இருந்த லைட்டர் புலம்பியது. இத்தனை வருஷமும் பற்றவைத்தது அதுதானே!

"நல்ல சேதிதான் வரும். வந்ததும் அந்த சந்தோஷத்தில் என்னைத்தான் முதலில் தேடுவார், பாரேன்!" என்றது சிகரெட் பெட்டி.

சேதி நல்லதுதான். தணிகாசலத்தின் கையும் நேரே பைக்குத்தான் வந்தது.

"கட்டி எதுவும் இல்லைங்கய்யா," என்றாள் நர்ஸ். "விடுறதுக்கு இதைவிட நல்ல நாள் ஏது? மாத்திரை தர்றோம். தவிப்பு வந்தா எப்ப வேணா போன் பண்ணுங்க."

அவர் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அதை அவள் மேசையிலேயே வைத்துவிட்டார்.

லைட்டரும் தன் கதை முடிந்தது என்றே நினைத்தது.

"இது அடுப்புக்கு ஆகும்," என்றார் அவர்.

அன்று மாலை லைட்டர் எரிந்தபோது, அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகவில்லை. டீத்தூள் டப்பாவைத் திறந்தாள்.