அம்புக்குறி இல்லாத கோடுகள்

வெகுதூரத்து விண்மீன் திரள் ஒன்றின் காந்தப்புலத்தை வானியலாளர் நாச்சியார் வரைந்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். திரளின் சுருள் கைகளை ஒட்டி, வாரிவிட்ட தலைமுடிபோலச் சின்னச் சின்னக் கோடுகள். அங்கிருந்து வரும் ரேடியோ அலை எந்தச் சாய்வில் அதிர்கிறது என்று பார்த்துக் கணித்தவை. மாலையில் பத்திரிகை ஓவியர் இருதயராஜ் போன் செய்தார்.

“மேடம், அம்புக்குறி போட மறந்துட்டீங்க. நானே போட்டுட்டேன். எல்லாம் உள்ள வர்ற மாதிரி.”

“ஐயோ, எடுத்துடுங்க. கோடு எப்படிச் சாஞ்சிருக்குன்னுதான் அலை சொல்லும். எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லாது.”

“அவ்வளவு தூரம் வந்துட்டு, வர்றதா போறதான்னு சொல்லாதா? நல்ல அலை மேடம்!”

சிரித்தபடி அவள் போனை வைத்தபோது முத்துவேலின் செய்தி வந்திருந்தது. கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போன கணவன். அங்கிருந்தே இன்று மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதாகச் சொல்லியிருந்தான். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. செய்தியில் ஒரே சொல்தான் இருந்தது: “வரேன்.”

வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் சொல்வதும் அதுதான், விடைபெறுகிறவர்கள் சொல்வதும் அதுதான். அவள் போனைப் பக்கவாட்டில் திருப்பினாள். சொல்லும் கூடவே திரும்பி நேராக நின்றுகொண்டது.

“வாங்க” என்று அடித்தாள். வழியனுப்பவும் அதே சொல்தான். அழித்தாள். “ரெண்டு பேருக்கு உலை வைக்கிறேன்” என்று அனுப்பிவிட்டு, பதில் வருமுன்னே அரிசியைக் களையத் தொடங்கினாள்.