முப்பத்திரண்டு பொருள்

குலசேகரம் மாஸ்டர் பலகையைத் துடைத்த வேகத்திலேயே அருவருப்புத் தெரிந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் மளிகைக்கடை மாடியில் நடக்கும் அவருடைய ஆங்கில வகுப்புக்கு இருப்பது ஒரே மாணவி, கொலம்பியாக்காரி பாவோலா. 'கெட்' என்ற ஒரு சொல்லுக்கு முப்பத்திரண்டு பொருள் எழுதிக் காட்டியும், "ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறதே!" என்று பிரெஞ்சில் முனகிக்கொண்டிருந்தாள்.

"மூண்டு மாசமா ஒரு சொல்லும் மண்டையிலை ஏறேல்லை," என்றார் மாஸ்டர், தேநீர் கொண்டுவந்த மனைவி யோகராணியிடம் தமிழில். "மாடெண்டாலும் படிச்சிருக்கும். கிட்டப் போனால் வெங்காய நாத்தம் வேறை!"

"மெல்லக் கதையுங்கோ, அவளுக்குக் கேக்கப்போகுது."

"கேட்டால் மட்டும் விளங்கப்போகுதே? அதை விடு. துஷ்யந்தன் இண்டைக்குத் தான் கட்டப்போற பொம்பிளையைக் காட்டுறானாம். ஆரெண்டாலும் சரி, சார்செல்லிலை எங்கட வீட்டிலைதான் இருக்கவேணும். இருக்கிறது ஒரே பிள்ளை, அவனை நான் வெளியிலை விடமாட்டன்."

படியேறி வந்த துஷ்யந்தன் தனியாகத்தான் நின்றான்.

"எங்கையடா பொம்பிளை?"

பாவோலா கொப்பியை மூடிவிட்டு எழுந்தாள்.

"வெங்காயம் உங்கட மகன்ரை ரெஸ்ரோறன்ரிலை உரிச்சது, மாமா," என்றாள், அட்சரம் பிசகாத யாழ்ப்பாணத் தமிழில். "தமிழும் அங்கைதான் படிச்சனான். இஞ்சை நான் இங்கிலீஷ் படிக்க வரேல்லை. உங்களோடை ஒரே வீட்டிலை இருக்கேலுமோ எண்டு பாக்க வந்தனான்."

பிறகு துஷ்யந்தனைப் பார்த்தாள்.

"நாங்கள் தனி வீடே பாப்பம்."