ஏழாம் எண் விமானத்தில் எழுத வேண்டிய பெயர்

பெயரில் மூன்று எழுத்து முடிந்திருந்தது. பெயிண்டர் ஏணியில் நின்று நான்காவது எழுத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்டரே, நிறுத்துங்க. அது என் பேரு," என்றார் கீழே நின்ற அட்மிரல்.

"தெரியும் சார். அதைத்தானே எழுதச் சொன்னாங்க."

அட்மிரலுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பதவியில் இருந்த நாளில் இவர் ஒரு வார்த்தை சொன்னால் முப்பது கப்பல் திசை திரும்பும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிரஷ்ஷைக்கூட நிறுத்த முடியவில்லை.

அருங்காட்சியக வாசலில் சிமெண்ட் மேடை கட்டி அந்தப் பழைய போர்விமானத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். மூக்கில் ஏழு என்ற எண். நாளைக் காலை திறப்பு விழா. நாற்பது வருஷத்துக்கு முன்னால், நடுக்கடலில் எஞ்சின் திணறிய இந்த விமானத்தைத் தண்ணீரில் விழவிடாமல் கப்பல் தளத்தில் கொண்டுவந்து இறக்கிய விமானியின் பெயர், விமானி இருக்கைக்குக் கீழே வர வேண்டும்.

இறக்கியவர் அட்மிரல் இல்லை. அவருடைய நண்பர்.

இறங்கிய வேகத்தில் நண்பரின் முதுகெலும்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு அவர் பறக்கவே இல்லை. கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து திருகாணிகளுக்குச் சீட்டு எழுதியே காலத்தை ஓட்டினார். இவர் பறந்தார், படைப்பிரிவுக்குத் தலைவரானார், கப்பலுக்குக் கேப்டனானார், கடைசியில் அட்மிரலும் ஆனார். நண்பர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இத்தனை குளறுபடிக்கும் ஒரு புத்தகம்தான் காரணம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஏறுவதற்கு முன்னால், விமானம் சரியாக இருக்கிறது என்று விமானி அதில் கையெழுத்துப் போட வேண்டும். குறை இருந்தால் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை யாரும் அந்த விமானத்தைத் தொட முடியாது.

அன்றைக்கு ஏழாம் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டு ஏறியவர் அட்மிரல்தான். கடைசி நிமிஷத்தில் இறங்கி, நண்பருக்கு ஒதுக்கியிருந்த ஒன்பதாம் எண்ணுக்கு மாறிக்கொண்டார். அவசரத்தில் நண்பர் கையெழுத்துப் போடாமலே ஏழில் தாவி ஏறினார்.

அந்தக் கப்பலை உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று. மற்ற காகிதமெல்லாம் ஈரத்தில் மக்கிப்போயிற்று. மிஞ்சியது அந்தப் புத்தகமும் அதில் இவருடைய கையெழுத்தும்தான்.

நான் இல்லை, நான் இல்லை என்று இவரும் நாலு மாசமாகக் கரடியாகக் கத்திப் பார்த்தார். மூன்று கடிதம் எழுதினார். அருங்காட்சியக அதிகாரி வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தன்னடக்கம் சார் உங்களுக்கு" என்று கண்கலங்கினார். விழா மலரில் அந்தத் தன்னடக்கத்துக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்கள்.

மனைவியோ, "சும்மா இருங்களேன். இன்னும் ரெண்டு தடவை மறுத்தா சிலையே வெச்சிடுவாங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லச் சொல்லப் புகழ் ஏறிக்கொண்டே போனால் மனுஷன் என்னதான் செய்வான்?

நாளைக்கு நண்பரின் மனைவி முதல் வரிசையில் உட்காரப் போகிறார். அவர் கண் முன்னால் இந்தப் பெயர் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த மத்தியான வெயிலில் தொப்பிகூட இல்லாமல் ஓடி வந்திருந்தார் அட்மிரல். அண்ணாந்து நின்றபடியே எல்லாவற்றையும் பெயிண்டரிடம் கொட்டித் தீர்த்தார்.

பெயிண்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உங்க ஃப்ரெண்டு பேருதானே சார் வரணும்? அதிகாரி கேட்டா நான் பார்த்துக்கறேன். பேரைச் சொல்லுங்க."

இத்தனை நாளில் அட்மிரல் சொன்னதை அப்படியே நம்பிய முதல் ஆள் இந்தப் பெயிண்டர்தான். அட்மிரல் நண்பரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பெயிண்டர் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு துணியைத் தின்னரில் நனைத்து, விமானத்தில் எழுதியிருந்த மூன்று எழுத்தையும் துடைத்தார்.

துடைத்தபடியே சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"ஆமா சார், ஏறி உட்கார்ந்துட்டு அப்புறம் எதுக்கு இறங்குனீங்க?"

அதிகாரி கேட்காத கேள்வி. மனைவி கேட்காத கேள்வி. நண்பர்கூடச் சாகும்வரை கேட்கவில்லை.

அன்றைக்கு ஏறி உட்கார்ந்ததும் எஞ்சினில் ஒரு சத்தம் கேட்டது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு நறநறப்பு. அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு முறை இவர் குறை எழுதி, இரண்டு முறையும் மெக்கானிக்குகள் பிரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சிரித்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பயந்தாங்கொள்ளி என்று பட்டமும் கிடைத்திருந்தது. மூன்றாவது முறை எழுதக் கை வரவில்லை. இடுப்புப் பட்டை சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டார்.

"குடுடா, நான் எடுத்துக்கறேன்" என்று நண்பர் தோளில் தட்டிவிட்டு ஏறியபோதும் இவர் வாயைத் திறக்கவில்லை.

பெயர் மாறினால், நாளைக்கு முதல் வரிசையிலிருந்து வருவதும் இந்தக் கேள்விதான்.

"சார், பேரு சரியா இருக்கா பாருங்க." பெயிண்டர் உள்ளங்கையை விரித்துக் கீழே காட்டினார்.

சரியாகத்தான் இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"வேண்டாம்," என்றார் அட்மிரல். "என் பேரே இருக்கட்டும்."

பெயிண்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த பெயரை அதே தின்னர் துணியால் துடைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.